புன்னகை நிலை

சம்பளம் போதவில்லை என்று சொல்ல நான்கு பெண்கள் மாடிப்படி ஏறினார்கள். அது தங்கள் மனக்கோளாறு என்று தெரிந்துகொண்டு நான்கு பேரும் இறங்கி வந்தார்கள். ஏறி இறங்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்துக்கும் கூலி பிடிக்கப்பட்டது.

அது ஒரு சலவை ஆலை. பதினான்கு ஓட்டல்களும் மூன்று மருத்துவமனைகளும் தங்கள் படுக்கை விரிப்புகளை அங்கேதான் அனுப்பின. துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இரண்டு பேர் முனை பிடித்து உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கம் அது சுடச்சுட வெளியே வரும். அங்கே நிற்கும் இரண்டு பேர் அதைப் பிடித்து நாலாக மடித்து அடுக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு ஏழு நொடி. எட்டாவது நொடியில் அடுத்த விரிப்பு வந்து மேலே விழும்.

மறுபக்கத்தில் ஒன்பது வருடமாக நின்றவளை எல்லோரும் மடிப்புக்காரி என்றார்கள். அவளுக்கு அதிகம் பேச வராது. அவளுடன் மறுமுனையைப் பிடிப்பவளுக்கு வானொலி என்று பெயர். அவளை நிறுத்தும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மாடியில் மேலாளர் இல்லை. புதிதாக வந்திருந்த மனவள அலுவலர் இருந்தார். அறையில் புது வண்ணப்பூச்சின் வாசனை; சுவரில் ஒரு சூரியன், அதன் கீழே 'நீயே உன் செல்வம்' என்ற வாசகம்.

"சம்பளம் கம்மிங்கிறது ஒரு தகவல் இல்லம்மா. அது ஒரு உணர்வு" என்றார் அலுவலர், மிகவும் கனிவாக.

மடிப்புக்காரி ஓர் அடி முன்னால் வந்தாள். "மேடம், நாளுக்கு நாற்பது கூட்டிக் கேக்கறோம். நாலு வருஷமா அதே கூலி. மூணு மாசத்துல எங்க வீட்டு வாடகை ஆயிரம் ஏறுது. இல்லன்னா காலி பண்ணணும். பொண்ணு பத்தாவது படிக்கிறா, நடுவுல பள்ளிக்கூடம் மாத்த முடியாது."

"ஏறுதுன்னு சொன்னீங்க பாருங்க. யாரு ஏத்தினா?"

"வீட்டுக்காரம்மா."

"இல்ல. உங்க பயம்."

"அப்ப ரசீதுல அந்தப் பயமே கையெழுத்துப் போட்டுக் குடுக்குமா மேடம்?" என்று கேட்டாள் வானொலி.

அலுவலர் அதையும் கனிவாகக் குறித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். சம்பள உயர்வுக்கு விண்ணப்பிக்கும் பழைய முறை ஒழிக்கப்பட்டுவிட்டது. இனிமேல் ஒவ்வொருவரும் தொண்ணூறு நாளைக்கு, பணம், வேலை, பொருளாதாரம் ஆகியவை பற்றிய தங்கள் அன்றாடச் சிந்தனைகளை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். பத்து வரிக்குக் குறையக் கூடாது. எழுதுகிறவர் முதலில் புலம்பல் நிலையில் இருப்பார். அடுத்தது புரிதல் நிலை. கடைசியில் புன்னகை நிலை. அதை எட்டியவரின் கோரிக்கையை நிர்வாகக் குழு பரிவுடன் பார்க்கும்.

நோட்டு இலவசம் என்றார். பேனா அவரவர் கொண்டுவர வேண்டும்.

அன்று சாயங்காலம் மடிப்புக்காரி சமையல் மேடையில் நோட்டை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு இன்னும் அரைமணி பெரிதில்லை. நினைப்பதற்கு அவளிடம் நிறைய இருந்தது. பேருந்தில், உருளைக்கு முன்னால், பல் தேய்க்கும்போது என்று அவள் எந்நேரமும் எதையாவது நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த நினைப்புகளை யாராவது படிப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. விருந்தாளி வருவதற்குமுன் வீட்டைப் பார்ப்பது போல உள்ளே ஒருமுறை பார்த்தாள். எல்லாம் இறைந்து கிடந்தது.

கடைசியில், 'இன்று வெங்காயம் வாங்கவில்லை. விலை கேட்டேன், வைத்துவிட்டு வந்தேன்' என்று எழுதினாள். பத்து வரி வருவதற்காக எழுத்தைப் பெரிதாக்கினாள்.

மறுநாள் பச்சை மையில் பதில் வந்தது. 'ஏன் வாங்கவில்லை என்பதற்கான காரணத்தை வெளியே தேடாதீர்கள். உள்ளே தேடுங்கள்.'

"உள்ளேயும் தேடிப் பாத்தேன்க்கா. வெங்காயம் இல்ல" என்றாள் வானொலி. அவளுக்கும் அதே பதில்தான் வந்திருந்தது. ஆலையில் வேலை செய்த அறுபது பேருக்கும் அதே பதில்தான்.

இரண்டாவது வாரம் மடிப்பறையின் சுவரில் ஒரு பலகை ஏறியது. இடது பக்கம் எழுதக் கூடாத சொற்கள்; வலது பக்கம் அவற்றுக்குப் பதிலாக எழுத வேண்டியவை. 'விலை ஏறிவிட்டது' என்று எழுதக் கூடாது. 'பொருள்கள் தங்கள் மதிப்பை உணர்ந்துவிட்டன' என்று எழுத வேண்டும். வாடகை என்பது இனிமேல் 'கூரைக்கு நான் சொல்லும் நன்றி'. 'போதவில்லை' என்பதற்கு 'இன்னும் எனக்கு அறிமுகமாகவில்லை'. கால் வலிக்கிறது என்றால் 'இன்று எனக்கு நிற்கும் வாய்ப்புக் கிடைத்தது'.

"எங்க வீட்டுக்காரருக்கு நேத்து குடிக்கும் வாய்ப்புக் கிடைச்சுது" என்று வானொலி எழுதினாள். அது ஏற்கப்பட்டது. ஓரத்தில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்கள்.

வாரம் ஒருமுறை வகுப்பும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில்தான். மூன்றாவது வகுப்பில் அலுவலர் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். மடிப்பறையில் இருந்தது ஒரே நாற்காலி. மயக்கம் வந்தவர்கள் உட்காருவதற்காகப் போட்டது. அதை நடுவில் வைத்து, கண்ணை மூடச் சொன்னார்.

"இந்த நாற்காலியில பணம் உக்காந்திருக்கு. இத்தனை நாளா அதை 'பத்தல, பத்தல'ன்னு திட்டியிருக்கீங்க. அது மனசு எவ்வளவு நொந்திருக்கும்? ஒவ்வொருத்தரா வந்து மன்னிப்புக் கேளுங்க."

சலவைப் பகுதியில் சவுக்காரத் தண்ணீரில் பன்னிரண்டு வருடம் நின்று கால்விரல் நகம் உதிர்ந்தவள், வெறும் நாற்காலிக்குமுன் கைகூப்பினாள். அடுத்தவள் நிஜமாகவே அழுதாள். ஏன் அழுதாய் என்று பிறகு கேட்டதற்கு, அழுது ரொம்ப நாளாயிற்று, ஒரு சாக்குக் கிடைத்தது என்றாள். வானொலி நாற்காலியின் கையைத் தட்டிக்கொடுத்து, "தப்பா எடுத்துக்காதே. ஒருநாள் வீட்டுப் பக்கம் வாயேன், ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போகலாம். ஒண்ணாந்தேதி வந்து ரெண்டாந்தேதி ஓடறவனை என்னன்னு உபசரிக்கிறது?" என்றாள்.

அன்று முதல் அந்த நாற்காலி பணத்தின் இருக்கை ஆயிற்று. யாரும் உட்காரக் கூடாது. தினமும் துடைக்க முறை வைத்தார்கள். ஐம்பது டிகிரி வெக்கையில் மயக்கம் வந்த இரண்டு பேர் அந்த மாதம் அதன் பக்கத்தில் தரையில் படுத்து எழுந்தார்கள். வானொலி ஒருநாள் உட்கார்ந்தேவிட்டாள். சரியாக நாலு நிமிடம், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. விசாரணை நடந்தது. புரிதல் நிலையின் வாசலுக்கு வந்திருந்தவள் மறுபடியும் புலம்பல் நிலையின் அடிமட்டத்துக்குத் தள்ளப்பட்டாள்.

"இதுக்குக் கீழ ஏதாவது நிலை இருக்கா மேடம்?"

"இல்லம்மா."

"அப்ப நிம்மதியா உக்காரலாம்."

மடிப்புக்காரி உட்காரவில்லை. அவளுக்கு அந்த நாற்பது வேண்டும். பலகையைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் சில நாள், கைதான் பொய் எழுதுகிறது, நான் வேறு எங்கோ இருக்கிறேன் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஒரு மாதம் கழித்து ஒரு விபரீதம் நடந்தது. கடையில் எண்ணெய் விலையைக் கேட்டபோது, 'அடேயப்பா' என்று நினைப்பதற்குமுன், எண்ணெய் தன் மதிப்பை உணர்ந்துவிட்டது என்ற வாக்கியம் தானாகவே உள்ளே ஓடியது. அவள் திடுக்கிட்டு நின்றாள். வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. எண்ணெய்யை வாங்காமல் வீட்டுக்கு வந்து, அதை அப்படியே நோட்டில் எழுதினாள். இரண்டு நட்சத்திரம் கிடைத்தது. சந்தோஷப்பட்டாள் என்பதுதான் அதைவிடக் கேவலம்.

ஐம்பத்தெட்டாவது நாள் மட்டும் அவள் பலகையைப் பார்க்காமல் எழுதினாள். 'இன்று நான் மடித்த விரிப்புகளில் யார் படுத்திருந்தார்கள் என்று தெரியாது. ஒன்றில் ஒருவர் பிறந்திருக்கலாம். ஒன்றில் ஒருவர் இறந்திருக்கலாம். உருளையைவிட்டு வரும்போது எல்லாம் ஒரே சூட்டில், ஒரே வெள்ளையில் வருகின்றன. மழைநாளில் அந்தச் சூடு கையில் ஒரு நிமிடம் தங்கும். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும் என்று இருந்தது.'

அது உண்மை. அன்று மழை பெய்தது, கை விறைத்திருந்தது, ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது. பலகை ஏறிய பிறகு அவள் எழுதிய உண்மை அது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் ஆலையின் நுழைவாயிலில் ஆளுயரச் சுவரொட்டி ஒட்டினார்கள். அவளுடைய படம்; கீழே பெரிய எழுத்தில், 'எனக்குப் போதும்!' மழை, சூடு, பிறந்தவர், இறந்தவர் எல்லோரையும் நீக்கிவிட்டு, அவள் வைக்காத ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்திருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. அதற்குமுன், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இரண்டு தடவை அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஒன்பது வருடத்தில் அவளிடம் யாரும் 'நன்றாக மடிக்கிறாய்' என்றுகூடச் சொன்னதில்லை.

"என்னக்கா, கல்யாண போட்டோவுலகூட நீ இப்படிச் சிரிச்சிருக்க மாட்டே போல" என்றாள் வானொலி பின்னாலிருந்து.

தொண்ணூறாவது நாள் அவள் புன்னகை நிலையை எட்டியதாக அறிவித்தார்கள். அறுபது பேரில் அவள் ஒருத்திதான்; மற்றவர்கள் தொடர்ந்து எழுத வேண்டும். மாடியில் மேலாளரும் அலுவலரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வரவேற்றதோடு சரி, உட்காரச் சொல்லவில்லை.

"சார், அந்த நாற்பது..." என்று ஆரம்பித்தாள் மடிப்புக்காரி.

மேலாளருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "இதைத்தாம்மா நான் உங்ககிட்ட எதிர்பாக்கல. போதும்னு நீங்களே எழுதிட்டீங்க. உங்க பற்றாக்குறை உணர்வு முழுசாப் போயிடுச்சு. இப்ப உயர்வு குடுத்தா, குணமானவங்களுக்கு மருந்து குடுத்த மாதிரி ஆகும். பக்கவிளைவு வரும்."

"அப்ப குணமாகாதவங்களுக்கு, சார்? வானொலிக்கு?"

"அது புலம்பல் நிலைம்மா. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தச் சொல்றீங்களா?"

"அப்ப யாருக்குத்தான் சார் குடுப்பீங்க?"

அலுவலர் குறுக்கிட்டார். "வேணும்னும் இல்லாம, வேணாம்னும் இல்லாம ஒரு நிலை இருக்கும்மா. ரொம்ப உயர்ந்தது."

"அதுல யாராவது இருக்காங்களா மேடம்?"

"இயக்குநர்கள்" என்றார் மேலாளர் பெருமையோடு. "பதினோரு பேருக்கும் போன மாசம் கூட்டிக் குடுத்தோம். ஒருத்தர்கூட வாயைத் திறந்து கேக்கல, தெரியுமா? அவங்களே கூட்டம் போட்டு, அவங்களே அமைதியா முடிவு பண்ணிக்கிட்டாங்க. பணம்ங்கிறது ஒரு பாரம்மா. அதைத் தூக்கி உங்க தலையில வைக்க எங்களுக்கு மனசு வரல. நாங்களே சுமந்துக்கிறோம்."

வீட்டுக்காரம்மா குறித்த கெடு பத்து நாளில் முடிகிறது. ஆனால் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அலுவலருக்கு வாரம் அறுபது நோட்டுகளைப் படிப்பது பளுவாக இருந்ததாம். அதனால் மடிப்புக்காரியைக் குறிப்பேட்டு வாசகராக நியமித்தார்கள். மதிப்புறு பதவி, மதிப்பு உண்டு, ஊதியம் இல்லை. பச்சைப் பேனா ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார் அலுவலர்.

"ஒவ்வொருத்தருக்கும் என்ன பயிற்சி தேவைன்னு நீங்களே எழுதலாம். வாசகர் எழுதினதை யாரும் மீறக் கூடாது, மேலாளர் சார் உட்பட. மனவள சாசனத்துல போட்டிருக்கோம்."

மேலாளர் புன்னகையோடு தலையசைத்தார். அவர் சாசனத்தைப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறுபது நோட்டுகளும் அவள் வீட்டுத் தரையில் பரந்து கிடந்தன. இரண்டு அறைதான். நடக்க வழியில்லாமல், கணவர் சுவரோரமாக நண்டு மாதிரி நடந்தார். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மகள் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினாள். பிறகு இன்னொன்று.

"அம்மா, எல்லாரும் உன்னைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காங்க."

உண்மைதான். அந்த வாரம் ஐம்பத்திரண்டு பேர் எனக்குப் போதும் என்று எழுதியிருந்தார்கள். நகம் உதிர்ந்தவள் எழுதியிருந்தாள். மகனுக்கு மூன்று மாதமாகக் கண்ணாடி மாற்ற முடியாதவள் எழுதியிருந்தாள். ஒருத்தி பத்து வரியையும் அதே வாக்கியத்தால் நிரப்பியிருந்தாள். எல்லாம் ஆச்சரியக்குறியோடு. வானொலியின் நோட்டில் மட்டும், 'நாற்காலியில் உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. எனக்கு அந்த நாற்பது வேண்டும்' என்று இருந்தது.

மடிப்புக்காரி அந்த நோட்டை வாங்கி மூடி மடியில் வைத்தாள். பசித்தவள் ஒருத்தி தனக்குப் பசியில்லை என்று சொன்னால் அது கௌரவம். அதையே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? ஒரு பெயர் தோன்றியது. பலகையின் வலது பக்கத்தில் அதற்கு இணையான சொல் இல்லை.

பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். எழுத ஆரம்பித்தவள் அறுபது நோட்டுகளையும் முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"பச்சை மையில எழுதினா சம்பளம் கூடுமா?" என்றார் கணவர்.

"கூடாது."

"அப்புறம் எதுக்கு இப்படி மாங்கு மாங்குன்னு எழுதறே?"

"பயிற்சி குடுக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு உருளை சூடேறி நின்றது. நோட்டுகள் கைமாறின. வானொலி தன்னுடையதைத் திறந்து, வழக்கம்போல் ஆலைக்கே கேட்கும்படி படித்தாள்.

"'பற்றாக்குறை உணர்வு எழும்போதெல்லாம், கையிலிருப்பதை உடனே கீழே வைத்துவிட்டு, அது முற்றிலும் தணியும்வரை அமர்ந்து எழுதவும். இடையில் எழக் கூடாது. இப்படிக்கு, வாசகர்.'"

அவள் மடிப்புக்காரியைப் பார்த்தாள். மடிப்புக்காரி விரிப்பின் முனையைக் கீழே வைத்தாள். மடித்த விரிப்புகளின் அடுக்குமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் அறுபது பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உருளை வெறுமே சுற்றினால் அதன் மேலுறை கருகிவிடும். அதனால் அதை அணைத்தார்கள். அணைத்ததும் அந்த ஆலையில் அவள் ஒன்பது வருடமாகக் கேட்டிராத ஒன்று கேட்டது: பேனாக்கள் கீறும் ஓசை.

எட்டரைக்கு மேலாளர் இறங்கி வந்தார். "என்னம்மா நடக்குது இங்க?"

"உணர்வு எழுந்திருக்கு சார்" என்றாள் மடிப்புக்காரி.

"எத்தனை பேருக்கு?"

"அறுபது பேருக்கும்."

"ஒரே நேரத்துலயா?"

"எனக்கெல்லாம் கேட்டைத் தாண்டும்போதே எழுந்துடுச்சு சார்" என்றாள் வானொலி, நிமிராமல்.

மேலாளர் அலுவலரை வரவழைத்தார். அலுவலர் எல்லா நோட்டுகளையும் எட்டிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. இத்தனை மும்முரமாக யாரும் எழுதி அவர் பார்த்ததே இல்லை.

"நிறுத்தச் சொல்லுங்க மேடம்!"

"பாதியில நிறுத்தினா உணர்வு உள்ளயே தங்கிடும் சார். சாசனம் மூணாவது பிரிவு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் அலுவலர்.

பத்து மணிக்கு முதல் ஓட்டல் கூப்பிட்டது. பத்தே காலுக்கு இன்னும் மூன்று. ஒரு மருத்துவமனை தன் சரக்கை வேறு சலவைக்காரரிடம் அனுப்பப்போவதாகச் சொன்னது. மேலாளர் படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பதினொன்றரைக்கு இறங்கி வந்தபோது அவருடைய கழுத்துப்பட்டை அவிழ்ந்திருந்தது.

"விளையாடறீங்களா? மணிக்குப் பன்னிரண்டாயிரம் போகுதும்மா! பன்னிரண்டாயிரம்!"

பேனாக்கள் நின்றன. தொண்ணூறு நாளாக அந்தக் கட்டடத்தில் பணத்தைப் பற்றி அத்தனை பேச்சு நடந்திருந்தது. மாடியில் இருப்பவர்கள் யாரும் ஒரு தொகையைச் சொன்னதில்லை.

வானொலி விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அறுபது பேருக்கு நாற்பதுன்னா ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு. அக்கா, இவரு ஒரு மணி நேரத்துல தொலைக்கிறது நம்ம எல்லாருக்கும் அஞ்சு நாள் உயர்வு."

"காலையிலேருந்து நாலு மணி நேரம் ஆச்சு" என்றாள் நகம் உதிர்ந்தவள்.

"அப்ப இருபது நாள்."

யாரும் கோஷம் போடவில்லை. அறுபது பேரும் மேலாளரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மேலாளர் முப்பத்தைந்து என்று சொல்ல வாயெடுத்தார். மாடியில் மறுபடியும் தொலைபேசி அடித்தது. வாயை மூடிக்கொண்டு, "எழுதிக் குடுங்க. நாற்பது" என்றார்.

"நீங்க எழுதிக் குடுங்க சார்" என்று பச்சைப் பேனாவை நீட்டினாள் மடிப்புக்காரி.

உருளை மறுபடி சூடேற நாற்பது நிமிடம் பிடித்தது. அந்த நாற்பது நிமிடமும் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

வார இறுதியில் அறிவிப்புப் பலகையில் செய்தி வந்தது. மனவளத் திட்டம் வரலாறு காணாத வெற்றி பெற்றதாம். அறுபது பணியாளர்களும் ஒரே நாளில் புன்னகை நிலையை எட்டினார்களாம். அதைப் பாராட்டி நிர்வாகம் தானாகவே முன்வந்து நாளுக்கு நாற்பது வழங்குகிறதாம். அலுவலருக்கு ஒரு கேடயம். இயக்குநர்கள், இந்தப் பரிவை நிர்வாகத்துக்குள் வளர்த்ததற்காகத் தங்களுக்கும் சிறிதளவு கூட்டிக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை.

மடிப்புக்காரி அந்த மாத வாடகையைக் கட்டினாள். வீட்டுக்காரம்மா வாங்கி எண்ணிவிட்டு, வெங்காயம் விற்கிற விலையைப் பற்றி ஐந்து நிமிடம் திட்டினாள். கேட்கச் சுகமாக இருந்தது.

மறுநாள் அலுவலர் மடிப்பறைக்கு வந்தார். நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு அந்தத் திங்கட்கிழமை அனுபவத்தைப் பற்றி மடிப்புக்காரி எழுத வேண்டும். உங்கள் நடையிலேயே, மனதிலிருந்து, வெளிப்படையாக எழுதுங்கள் என்றார்.

அவள் சாப்பாட்டு நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். அலுவலர் வாங்கிப் பார்த்தார். தாளின் நடுவில் ஒரே வரி. 'மணிக்குப் பன்னிரண்டாயிரம்.'

"கொஞ்சம் சுருக்கமா இருக்கேம்மா. பத்து வரியாவது வேணுமே."

மடிப்புக்காரி தாளைத் திரும்ப வாங்கி, அதே வரியைக் கீழே இன்னும் ஒன்பது தடவை, நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.